பதில் வைக்காத கேள்வி

இரும்புத் தடியோடு மாடிப்படி ஏறிய டில்லிபாபுவை ஒரு வாரமாகப் படியிலேயே நிறுத்தி வைத்துவிட்டேன். பாவம், கால் வலித்திருக்கும். இதோ, ஏறிவிட்டான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில், ஆராய்ச்சிப் பிரிவுக்குக் கண்ணாடிக் கதவு. 'தள்ளவும்' என்று எழுதியிருக்கும். டில்லிபாபு தள்ளவில்லை. தடியை ஓங்கி ஒரே போடாகப் போட்டான்.

கண்ணாடி மொத்தமாகக் கொட்டியது. சில்லுகள் மதிவதனியின் மடி வரைக்கும் வந்து விழுந்தன.

"எங்கடி என் மச்சானுக்கு ஊத்தின மருந்து?"

தம்பி பெண்டாட்டியை அவன் அதுவரை 'டி' போட்டு அழைத்ததே இல்லை. 'இன்னாம்மா மதி' என்றுதான் கூப்பிடுவான். அந்த 'டி'யைக் கேட்டபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கு யாராவது அடிபடாமல் இது முடியாது என்று.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

மதிவதனி மண்ணூர்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். கைராசிக்காரி என்று பெயர். "இந்த மருந்துல கொப்பளிக்காட்டி புண்ணு ஆறாதா டாக்டரம்மா?" என்று ஒரு பேஷண்ட் ஒருநாள் கேட்டு வைத்தார். இத்தனை வருடமாக எழுதிக் கொடுக்கிறோமே, நமக்கே தெரியாதே என்று அவளுக்கு உறுத்திவிட்டது. கிளினிக்கை மாலைக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டு, பல் டாக்டர்களை ஆராய்ச்சியாளர்களாக ஆக்கும் பயிற்சியில் சேர்ந்தாள். மாமியார் வீட்டில் முணுமுணுப்பு. கணவன் சந்தோஷ் மட்டும், "படி மதி, பாத்துக்கலாம்" என்றான்.

அங்கே அவளுக்கு வாய்த்த வழிகாட்டி டாக்டர் ஆக்னஸ். மதியைவிட வயதில் சின்னவள். வாய் மட்டும் பெரிது.

மதி இப்போது நடத்துவது அவளுடைய முதல் ஆய்வு. கடைசிக் கடைவாய்ப் பல்லை எடுத்தவர்களில் பாதிப் பேருக்குக் கொப்பளிக்க மருந்து கலந்த பாட்டில். மீதிப் பேருக்கு அதே நிறம், அதே வாசனை, ஆனால் மருந்தில்லாத பாட்டில். யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. கல்லூரி பார்மசிஸ்ட் அப்துல் ரசாக் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரைச் சேர்க்கக் கூடாது என்பது ஆக்னஸ் போட்ட கண்டிப்பான விதி.

ஆள் குறைந்தது. ஆள் சேராவிட்டால் ஆய்வு வேறொருவர் கைக்குப் போய்விடும். மதி, அப்போதுதான் பல் எடுத்திருந்த கணவனின் அண்ணன் டில்லிபாபுவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தாள். அதே மாதிரி பல் எடுத்திருந்த, அவனுடைய மனைவி சௌம்யாவின் தம்பி தமிழரசுவையும் சேர்த்தாள். இரண்டு பேருக்கும் சாப்பாடு, படுக்கை எல்லாம் மண்ணூர்பேட்டையில் ஒரே வீட்டில்தான். ஆனால் தமிழரசுவின் ஆதாரில் வெள்ளானூர் என்று இருந்தது. மதி அந்த முகவரியைப் போட்டாள். யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இன்று காலை தமிழரசுவுக்கு முகம் வீங்கித் தொண்டை அடைத்துக்கொண்டது. டில்லிபாபு அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து, அதே வளாகத்து ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் விட்டான். பிறகு ஆட்டோக்காரரின் தடியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினான். கதை அவ்வளவுதான். இனி அடி.

"மாமா, கீழ போகலாம் வாங்க, நான் பாக்கறேன்..." மதி எழுந்தாள்.

"நீ பாத்தது போதும்!" தடி மேஜைமேல் இறங்கியது. கம்ப்யூட்டர் திரை இரண்டாகப் பிளந்தது. "எலிக்கு ஊசி போட்ற மாரி எங்கள வெச்சி வெள்ளாண்டியா? அவன் மூச்சு உட முடியாம கெடக்கறான் அங்க!"

ஆக்னஸ் குறுக்கே வந்தாள். ஐந்தடி உயரம்கூட இருக்கமாட்டாள். "சார், தடியைக் கீழ போடுங்க. எதுக்காக வந்திருக்கீங்களோ அதைப் பேசலாம்."

அடித்தான் என்று சொல்ல முடியாது. அவளைத் தள்ளிவிடத்தான் கையை வீசினான். ஆனால் தடியும் கையோடு சேர்ந்து வந்தது. ஆக்னஸின் புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, கன்னத்தில் வழிந்து, வெள்ளைக் கோட்டில் சொட்டியது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். விழவில்லை.

"அண்ணா! டேய் அண்ணா!"

படியேறி மூச்சிரைக்க ஓடிவந்தவன் சந்தோஷ். தமிழரசுவின் செய்தி கேட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்டை அப்படியே விட்டுவிட்டு, கம்பெனிச் சட்டையோடு வந்திருந்தான். ஓங்கிய தடிக்கும் மனைவிக்கும் நடுவில் போய் நின்று இடது கையைத் தூக்கினான்.

காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தது மாதிரி ஒரு சத்தம். சந்தோஷ் கத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டான். முழங்கைக்குக் கீழே ஒரு புது வளைவு தெரிந்தது.

கூடப் பிறந்த தம்பியின் கையை உடைத்துவிட்டோம் என்று டில்லிபாபுவுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கோபம் இறங்கியிருக்க வேண்டும். அதுதான் இல்லை, ஏறியது! செய்த தப்பைப் பார்க்கப் பயந்துகொண்டு இன்னும் பெரிய தப்பைச் செய்கிற ஜாதி அவன்.

மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த அப்துல் ரசாக்கின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். "பாய், உனக்குத் தெரியும்னு சொன்னாங்க. என் மச்சான் பாட்டில்ல இன்னா இருந்துச்சு? சொல்லு!"

"சிகிச்சை பார்க்கிற டாக்டருக்குத்தான் நான் சொல்லணும் தம்பி. அதான் முறை." ரசாக்கின் மூக்குக் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. அப்படியும் சொல்லவில்லை.

"முறையாவது மண்ணாங்கட்டியாவது!" கழுத்தை நெரித்தான்.

"பாய்." ஆக்னஸ் ஒரு கையால் புருவத்தை அழுத்திக்கொண்டு பேசினாள். "உயிர் ஆபத்துன்னா ரகசியத்தை உடைக்கலாம். கீழ டூட்டி டாக்டருக்கு போன் போட்டு, தமிழரசு பாட்டில்ல என்னன்னு சொல்லிடுங்க. இப்பவே."

ரசாக் போனில் சொன்னதை அறையே கேட்டது. "தமிழரசு... மருந்தில்லாத பாட்டில் டாக்டர். ஆமாம், வெறும் நீர்."

டில்லிபாபுவின் கை தளர்ந்தது.  பிறகு கேட்டான். "என்னுது?"

ரசாக் ஆக்னஸைப் பார்த்தார். தடி அவர் முகத்துக்கு நேரே உயர்ந்தது. "உங்களுது மருந்து" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரே அடுப்புல சோறு ஆக்கித் துன்றோம்! எனக்கு மருந்து, அவனுக்குத் தண்ணியா?" டில்லிபாபு மதியின் பக்கம் திரும்பினான். "அவன் எங்க ஊட்டு ஆளு இல்லன்னா? சௌம்யா தம்பின்னா உனக்கு எளக்காரமா?"

யாருக்கு எது என்று எனக்கே தெரியாது மாமா என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வாயில்தான் அறை விழுந்தது. புறங்கையால், மோதிரத்தோடு.

மதி தரையில் இருந்தாள். வாயெல்லாம் உப்பு. மேல் வரிசையில் முன்பல்லுக்கு அடுத்தது, பாதி போய்விட்டது என்று நாக்கு துழாவிச் சொன்னது. சாகிற நேரத்திலும் பல்லை எண்ணுகிற தொழில் புத்தி!

செக்யூரிட்டிகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. டில்லிபாபு தடியை வீசிவிட்டு, அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினான்.

அவன் போன பிறகும் ஆக்னஸ் மதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் வழியாத கண்ணால்.

"ஒரே அடுப்பா?" என்றாள்.

மதி சந்தோஷைத் தூக்கி ஒரு செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே ஓடினாள்.

அவசரப் பிரிவில் தமிழரசு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு அடைத்தது. உதடு தடித்துத் தொங்கியது. கழுத்தும் தாடையும் ஒன்றாகிவிட்டன. ஒவ்வொரு மூச்சும் விசில் போல இழுத்துக்கொண்டு உள்ளே போனது. எச்சிலை விழுங்க முடியாமல் மார்பில் வழிய விட்டுக்கொண்டிருந்தான். மதியைப் பார்த்ததும் கையை நீட்டினான். பேச்சு வரவில்லை.

மூலையில் இரண்டு செக்யூரிட்டிகள் டில்லிபாபுவைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

டூட்டி டாக்டர் மதியின் கிழிந்த உதட்டைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு வேகமாகப் பேசினார். "உங்க பேஷண்ட்தானே? மருந்தில்லாத பாட்டில்னு பார்மசிஸ்ட் சொல்லிட்டார். அப்ப மருந்து அலர்ஜி இல்லை. பல் எடுத்த குழியில சீழ் வெச்சு கழுத்துக்கு இறங்கியிருக்கு. வாயைக் கழுவிட்டு, கழுத்துல கீறி வழி விடணும்."

"உடம்பெல்லாம் செவந்திருக்கே டாக்டர்?"

"அதுவா? அவங்க மச்சான் அடிச்சதாம். காலைல இவர் தள்ளாடி வந்து ஏதோ உளறினாராம். குடிச்சிருக்கார்னு நினைச்சு பெல்ட்டால விளாசிட்டாராம்."

மூலையிலிருந்து டில்லிபாபு ஓவென்று அழுதான். "மூச்சு முட்டுதுன்னு சொல்லிகினு வந்தாம்மா. நான்தான் குட்ச்சிட்டு வந்துட்டான்னு அட்ச்சிட்டேன்."

முதுகில் நீளமான பெல்ட் தடங்கள் இருந்தன. நிஜம்தான். ஆனால் மார்பில் இருந்தவை வட்ட வட்டமாக, தடித்துத் தடித்து இருந்தன. மதி போர்வையை விலக்கினாள். தொடையிலும் அப்படியே. தமிழரசுவின் காலைத் தூக்கிப் பார்த்தாள்.

உள்ளங்காலிலும் தடிப்புகள். அவன் அந்தக் காலைக் கட்டில் கம்பியில் தேய்த்துத் தேய்த்துச் சொறிந்துகொண்டிருந்தான்.

உள்ளங்காலில் எவன் அடித்தான்?

இது அலர்ஜி. அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மருந்து பாட்டிலைத் தொட்டவனுக்கு வருகிற அலர்ஜி. ஆனால் தமிழரசுவின் பாட்டிலில் மருந்தே இல்லையே!

சந்தேகம் ஒன்று எழுந்தது.  இரண்டு பாட்டில்களும் இருந்தது ஒரே வீட்டில். ஒரே அலமாரியில். அதைச் சொல்ல வேண்டுமானால் வெள்ளானூர் பொய்யை முதலில் சொல்ல வேண்டும். ஆய்வு போய்விடும், பயிற்சி போய்விடும், ஆக்னஸ் முகத்தில் விழிக்க முடியாது. வெட்கத்தோடு சொல்கிறேன், நம் மதி அந்த இடத்தில் தயங்கினாள். அவன் மூச்சு விசிலடித்துக்கொண்டிருக்கும்போதே தயங்கினாள்.

நர்ஸ் வாய் கழுவுவதற்குத் தட்டைத் தயார்செய்யப் போனாள். எதை வைத்துக் கழுவுவார்கள்? எல்லா ஆஸ்பத்திரியிலும் கழுவுகிற அதே மருந்து. மதியின் ஆய்வில் இருக்கும் அதே மருந்து. அந்தத் தொண்டைக்கு இன்னொரு சொட்டு போதும்.

அந்நேரம் பார்த்துத்தான் மாமியார் பொன்னியம்மா உள்ளே வந்தாள். பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். கையில் கஞ்சித் தூக்கு. ஆஸ்பத்திரி என்றால் கஞ்சி இல்லாமல் வரமாட்டாள்.

டில்லிபாபு செக்யூரிட்டிகளை உதறிவிட்டுப் பாய்ந்தான். "யம்மா! வெறுந்தண்ணி பாட்டில்னா இவனுக்கு ஏன் வீங்குது? நீ எதுனா பண்ணியா? பாட்டில மாத்திக் குட்த்தியா? சொல்லு!" தோளைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் அவள் கொண்டை அவிழ்ந்தது.

"இல்லடா நைனா! அம்மன் சத்தியமா நான் ஒண்ணியும் மாத்தல!"

"பொய் சொல்லாத! மாத்தினியா இல்லியா?" அவள் தலைக்கு மேலே சுவரில் குத்தினான். முட்டி உடைந்து சுவரில் ரத்தம் ஒட்டியது.

"மாத்தலடா! மாத்தலடா!"

மதிக்கு ஆக்னஸ் ஞாபகம் வந்தது. பயிற்சியின் ஆரம்பத்தில், பேஷண்ட்டுகளிடம் மதி பேசியதைப் பதிவுசெய்து போட்டுக் காட்டினாள் ஆக்னஸ். 'வலி குறைஞ்சிடுச்சா?' 'குறைஞ்சிடுச்சு டாக்டரம்மா.' 'மருந்தை ஒழுங்கா போட்டீங்களா?' 'போட்டேன் டாக்டரம்மா.' நடுவில் நிறுத்திவிட்டு ஆக்னஸ் எல்லார் முன்னாலும் பொரிந்து தள்ளினாள். "மேடம், நீங்க கேள்வி கேக்கல. பதிலை அவங்க கையில திணிச்சிட்டு ஆமாவா இல்லையான்னு மிரட்டறீங்க. கிளினிக்ல அது ஓடும். இங்க ஓடாது. பதிலை உள்ள வைக்காம கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடுங்க. பல் டாக்டருக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம்."

அன்றைக்கு மதி கழிவறையில் போய் அழுதாள்.

இப்போது அவள் டில்லிபாபுவின் கையை விலக்கிவிட்டு மாமியாரின் முன்னால் நின்றாள். வாயைத் திறந்தால் ரத்தம் வழிந்தது. பொன்னியம்மா அதைப் பார்த்து வீறிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. அந்த ரெண்டு பாட்டில் நம்ம ஊட்டுக்கு வந்ததுல இருந்து இன்னா நடந்துச்சு? சொல்லுங்க."

அவ்வளவுதான் கேட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

பொன்னியம்மா மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.  'கலந்தீங்களா' என்ற சொல் மதியின் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லியிருந்தால், அம்மன் சத்தியமாக இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். பின்னால் தமிழரசுவின் விசில் நின்று, நின்று, மறுபடி கேட்டது. மதி உடைந்த பல்லை நாக்கால் அழுத்திக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடியதில்லை.

"நீதான கண்ணு ஊட்ல வந்து அல்லாத்துக்கும் வெளக்கி சொன்ன?" பொன்னியம்மா மெல்ல ஆரம்பித்தாள். "ஒண்ணுல மருந்து கீது, ஒண்ணுல வெறுந்தண்ணின்னு. நான் அடுப்பாண்ட இருந்து கேட்டுகினுதான் இருந்தேன். ரெண்டும் வளர்ற புள்ளைங்க இல்லதான், ஆனா ரெண்டும் என் கையால துன்ற புள்ளைங்க. பெத்த புள்ளைக்கு மருந்து, மருமவ தம்பிக்குத் தண்ணின்னு ஆயிட்டா சௌம்யா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? அதான் சொம்புல ரெண்டையும் ஒண்ணா ஊத்தி, சமமா ரெண்டு பாட்டில்லயும் நெரப்பி வெச்சேன். நான் மாத்தலம்மா. பங்குதான் போட்டேன்."

ஐயோ, அந்தப் பங்கு!

மதி திரும்பினாள். திரைக்குப் பின்னால் நர்ஸ், மருந்தில் நனைத்த பஞ்சை இடுக்கியில் பிடித்து, "வாயைத் திறங்க" என்று தமிழரசுவின் தாடையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மதி பாய்ந்தாள். கூப்பிட நேரமில்லை. தோளால் இடித்துத் தட்டைத் தட்டிவிட்டாள். கிண்ணம் பறந்தது, இடுக்கி தரையில் உருண்டது, நர்ஸ் அலறிக்கொண்டு ஸ்டாண்டில் போய் மோதினாள். வார்டு ஆயா ஓடிவந்து மதியின் முதுகில் ஒரு குத்துவிட்டாள். அவள் கண்ணுக்கு மதி டாக்டராகத் தெரியவில்லை, ரத்தக் காட்டேரியாகத் தெரிந்தாள்.

"அவன கொல்லப் பாக்கறா!" டில்லிபாபு வந்து மதியின் பின்னலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். கழுத்து பின்னுக்கு வளைந்தது. கட்டில் கம்பியை அவள் விடவில்லை. இழுக்கிற இழுப்பில் கட்டிலே நகர்ந்தது.

டணார்!

பொன்னியம்மா கஞ்சித் தூக்கால் பெற்ற மகனின் மண்டையில் போட்டாள். மூடி தெறித்து, கஞ்சி அவன் தலை, காது, சட்டையெல்லாம் வழிந்தது.

"உட்றா அவள! பொம்பளைய கை நீட்டி அட்ச்சது பத்தாதா உனக்கு? உங்கப்பன மாரியே வந்து பொறந்தியேடா பாவி!" இன்னொன்று போட்டாள். டில்லிபாபு கையை விட்டான். நாற்பதை நெருங்கும் அந்த ஆள் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"டாக்டர், அட்ரினலின்! தொடையில போடுங்க!" மதி கத்தினாள். "இது சீழ் இல்ல. அலர்ஜி. அந்த மருந்து இவன் வாய்ல ஒரு சொட்டுகூடப் படக் கூடாது!"

"பாட்டில்ல மருந்தே இல்லைன்னாங்களே?"

"இருந்துச்சு. வீட்ல ரெண்டு பாட்டிலையும் ஒண்ணா கலந்துட்டாங்க. உள்ளங்காலைப் பாருங்க டாக்டர்! அங்கயுமா பெல்ட்டால அடிப்பாங்க?"

டாக்டர் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. ஊசியை அவரே எடுத்தார்.

தமிழரசுவின் கண்கள் மேலே செருகிக்கொண்டிருந்தன. உதடு கருநீலமாகிவிட்டது. விசில் நின்றுபோனது. அந்த அமைதியில் பொன்னியம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். இரண்டாவது ஊசி. ஆக்சிஜன். டாக்டர் மார்பில் காதை வைத்தார்.

பிறகு விசில் திரும்ப வந்தது. அவ்வளவு அழகான சத்தத்தை மதி கேட்டதே இல்லை. மெல்ல மெல்ல விசில் இறங்கி, மூச்சு மூச்சாகியது. "தண்ணி" என்று ஏதோ முனகினான். தண்ணி என்றதும் பொன்னியம்மாவுக்கு அழுகை பீறிட்டது.

மதியம் வராந்தாவில் எல்லாரும் இருந்தார்கள். சந்தோஷ் கையில் மாவுக்கட்டு. ஆக்னஸ் புருவத்தில் தையல். டில்லிபாபு பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலையில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார். மதியைப் பார்த்ததும் டில்லிபாபு கைகூப்பினான்.

"என்னைய செருப்பால அடிம்மா மதி. நீ இல்லன்னா என் மச்சான் போய்ச் சேர்ந்துருப்பான். சாமி மாரி காப்பாத்திட்ட. நான் உன் மேல கை வெச்சிட்டேன்."

சாமி! அந்தச் சொல் அவள் உடைந்த பல்லில் பட்டுக் கூசியது.

பெண் எஸ்.ஐ. வந்தார். "டாக்டர், உங்க பல்லை உடைச்சது இவர்தானே? உங்க வீட்டுக்காரர் கையை உடைச்சதும் இவர்தானே? ஆமான்னு சொல்லுங்க, கேஸ் போட்டுடறேன்."

எவ்வளவு சுலபமான கேள்வி! பதில் உள்ளேயே இருந்தது. தலையை ஆட்டினால் போதும், எல்லாத் தப்பும் அந்தப் பெஞ்சில் குனிந்திருந்தவன் தலையில் ஏறிவிடும்.

"கொஞ்சம் பொறுங்க மேடம்" என்றாள் மதி.

ஆக்னஸ் அவள் எதிரில் வந்து நின்றாள். "உங்க மாமியார்கிட்ட கேட்டீங்களே, கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்படிக் கேக்க எனக்கே வராது." ஒரு கணம் நிறுத்தினாள். "இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். தமிழரசு இந்த ஆய்வுக்குள்ள எப்படி வந்தார்? சொல்லுங்க."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

திட்டவில்லை. மிரட்டவில்லை. 'தெரிஞ்சே பண்ணீங்களா' என்று கேட்டிருந்தால் மதி இல்லை என்று சொல்லியிருப்பாள். ஆதாரில் இருந்த முகவரிதானே, எனக்கென்ன தெரியும் என்று சாதித்திருப்பாள். நம்பவும் நம்பியிருப்பார்கள். ஆக்னஸ் சும்மா நின்றாள். வீங்கிய கண்ணோடு, அவசரமே இல்லாமல் நின்றாள். சந்தோஷ் பார்த்தான். பொன்னியம்மா பார்த்தாள். அந்த மௌனத்தைப் போல ஒரு அடி காலையிலிருந்து மதிக்கு விழவில்லை.

"அவன் எங்க ஊட்லதான் கீறான்" என்றாள் மதி. கல்லூரிக்காரர்களிடம் அவள் இதுவரை பேசாத வீட்டுப் பேச்சு தானாக வந்தது. "அது எனக்குத் தெரியும். ஒரே ஊட்ல ரெண்டு பேர் கூடாதுன்னும் தெரியும். ஆள் குறையுதுன்னு நான்தான் வெள்ளானூர்னு போட்டேன். அத்தை மேல தப்பில்ல. அந்த ரெண்டு பாட்டிலையும் ஒரே அலமாரில வெச்சது நான்தான்."

ஆக்னஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

எஸ்.ஐ. ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொன்னியம்மாவின் கையிலிருந்து காலித் தூக்கு நழுவி வராந்தாவில் உருண்டது.

"இன்னா சொன்ன?"

பெஞ்சிலிருந்து வந்தது அந்தக் குரல். கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. கண்ணில் நீர் இன்னும் காயவில்லை.

"தெரிஞ்சேவா?" என்று கேட்டுக்கொண்டே டில்லிபாபு எழுந்தான். இந்த முறை அவன் கையில் தடி இல்லை. சந்தோஷ் மாவுக்கட்டுக் கையோடு மனைவியைப் பார்த்தான். காலையில் ஒரு வார்த்தை கேட்காமல் நடுவில் வந்து நின்றவன், இப்போது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.